இரண்டு எர்த் குழிகளுக்கு நடுவே ஒரு தகவல் கேபிள்

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நின்ற நாட்களில், குளிர்பதனக் கட்டடத்தின் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியதும் அங்குள்ள டிரைவ்களின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளின்) அளவீடுகள் கட்டுப்பாட்டு அறைத் திரையிலிருந்து மறைந்துவிடுவதாக என்னை அழைத்தார்கள். நான் போவதற்குள் இரண்டு மீட்டர்களையும் பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியின் தொடர்பு அட்டையையும் மாற்றிப் பார்த்திருந்தார்கள். கழற்றி வைத்திருந்த பழைய மீட்டர்களைச் சோதித்தேன்; இரண்டும் நன்றாகவே இருந்தன.

இவ்வகைச் சாதனங்கள் பெரும்பாலும் ஆர்எஸ்-485 என்னும் கம்பி இணைப்பு முறையில், மோட்பஸ் என்னும் தகவல் மொழியில் பேசிக்கொள்கின்றன. இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைக் கொண்டே தகவல் படிக்கப்படுவதால், 200 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே வாங்கும் முனைக்குப் போதுமானது. ஆனால், இரு கம்பிகளும் சேர்ந்து, வாங்கும் சாதனத்தின் பொதுமுனையை (அதன் மின்னழுத்தங்களுக்கு அடிப்படையான சுழிய முனையை) ஒப்பிட -7 வோல்ட்டுக்கும் +12 வோல்ட்டுக்கும் இடையில் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை; 'இரண்டு கம்பி இணைப்பு' என்ற பெயரே அவர்களை ஏமாற்றிவிடுகிறது. பொதுமுனைகளை இணைக்கும் மூன்றாவது கம்பி ஒன்றும் தேவை. கேபிளின் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டு அந்த வேலைக்கு உரியதன்று.

அங்கே ஷீல்டு இரு பேனல்களிலும் எர்த்துடன் முறுக்கப்பட்டிருந்தது. ஒரு முனையைக் கழற்றி, அதற்கும் அந்தப் பேனலின் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 9 வோல்ட் ஏசி காட்டியது. மீட்டர் காட்டும் 9 வோல்ட்டின் உச்சம் ஏறத்தாழ 13 வோல்ட் என்பதால், ஒவ்வோர் அலையிலும் இரு எல்லைகளும் மீறப்பட்டுக்கொண்டிருந்தன.

நம் மாவட்டங்களில் இது அடிக்கடி நேர்வதற்கு மண்ணும் ஒரு காரணம். சிறிது ஆழம் தோண்டினாலே பாறை தட்டும் நிலத்தில், கோடையில் ஈரம் வற்றியதும் எர்த் குழியின் தடை ஏறிவிடுகிறது. தண்ணீர் ஊற்றிவரும் குழி ஒன்றாகவும் மறந்துபோன குழி மற்றொன்றாகவும் நிற்கின்றன. கசிவு மின்னோட்டம் ஓடும்போது இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்க வழியில்லை. இதற்குத் தீர்வாக, மின்னணுக் கருவிகளுக்கென்று தனிக் குழி வெட்டி, அதை மற்ற எர்த்களோடு சேர்க்காமல் விடும் வழக்கம் ஓசூர்ப் பக்கம்கூட இருக்கிறது. மின்கசிவோ இடியோ நேரும்போது இரு எர்த்களுக்கும் இடையே உருவாகும் மின்னழுத்தம் கருவியையும் அதைத் தொடுபவரையும் தாக்கக்கூடும் என்பதால், அதை நான் அபாயமென்றே கருதுகிறேன்.

இங்கு இரு கட்டடங்களின் எர்த்களையும் தடித்த பட்டையால் இணைத்தோம். கட்டடத்துக்குள் கேபிள் நுழையும் இடத்தில் மின்தனிமை தரும் ரிப்பீட்டர் (இருபுறத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் தகவலை மட்டும் கடத்தும் கருவி) ஒன்றை வைத்தோம். புதிதாகக் கேபிள் இழுக்கும் வாய்ப்பிருந்தால் கட்டடங்களுக்கிடையே ஒளிவழியே தகவல் கடத்தும் கண்ணாடி இழையையே பரிந்துரைத்திருப்பேன். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்தோம். டிரைவ் தயாரிப்பாளரின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் அதன்படியே செய்ய வேண்டும். டிரைவிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மின்கேபிளின் ஷீல்டை இரு முனைகளிலும் இணைப்பதே வழக்கம் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வயரிங்கிலும் ஒரு பிழை இருந்தது. மீட்டர்கள் ஒரே சந்திப்புப் பெட்டியிலிருந்து நட்சத்திரம்போல் பிரிந்திருந்தன; அவற்றை ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாக மாற்றி, ரிப்பீட்டரின் இருபுறமும் ஒவ்வொரு சங்கிலியின் இரு கடைசி முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் பொருத்தினோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 40 வந்தால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார் என்று பொருள்.

எந்த முனையில் ஷீல்டு கழற்றி விடப்பட்டிருக்கிறது என்பதைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டினேன். இல்லாவிட்டால் அடுத்து வரும் எலெக்ட்ரீஷியன், விட்டுப்போனதென்று எண்ணி, நல்ல மனத்தோடு அதை மீண்டும் முறுக்கிவிடுவார்.