வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையுமா?

இந்த வாரத்தில் நான்காவது மோட்டார் இன்று காலை கடைக்கு வந்தது. மெலட்டூர் பக்கம், 5 எச்பி நீர்மூழ்கி, மூன்று பேஸ். பிரிக்கும்போதே கருகல் வாடை. குறுவை நடவு நேரத்தில் போர்குழாயிலிருந்து மோட்டாரைத் தூக்கும் கூலி, காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) கட்டும் கூலி, அதுவரை வயலும் காயும். கொண்டுவந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறைஞ்சுதானே போவும்? அப்புறம் எப்படிக் காயில் கருகும்?" பாலிடெக்னிக் படிக்கும் மகன் ஓம் விதியை, அதாவது வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்டு என்பதை, தாளில் எழுதியே காட்டினாராம்.

அந்தத் தாளில் இருந்தது ஹீட்டர் கணக்கு. 230 வோல்ட்டில் 1000 வாட்ஸ் ஹீட்டர் 4.35 ஆம்பியர் எடுக்கும். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் கரண்டு 3.4 ஆம்பியர், பவர் 612 வாட்ஸ். வெந்நீர் தாமதமாகும், வேறொன்றும் ஆகாது.

மோட்டாரில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் 3 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். 415-ஐ மூன்றால் வகுத்தால் 138 ஆம்பியர். எந்த 5 எச்பி மோட்டார் அப்படி இழுத்து ஓடுகிறது? சுற்றுகிற மோட்டார் தனக்குள்ளேயே எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொள்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் அது ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடி, அதே ஆழத்துத் தண்ணீரைத்தான் தூக்குகிறது. வேலை குறையவில்லை, வோல்டேஜ் குறைந்துவிட்டது. மீதியைக் கரண்டுதான் ஈடுகட்ட வேண்டும்.

5 எச்பி என்றால் 3730 வாட்ஸ். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்கு உதவும் பங்கு) 0.8, செயல்திறன் 0.8 என்று வைத்து, மூன்று பேஸுக்கான 1.732-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் 415 வோல்ட்டில் சுமார் 8.1 ஆம்பியர். அதுவே 320 வோல்ட்டில் 10.5. காயிலில் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். அதாவது 1.7 மடங்கு. ராத்திரி முழுக்க ஓடவிட்டால் எந்த இன்சுலேஷன் தாங்கும்?

பெரியவர் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஸ்டார்ட்டரிலிருந்து போருக்கு 200 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். உள்ளே இருக்கும் ஒரு கம்பிக்கு (கோர்) ஏறக்குறைய 1.5 ஓம் மின்தடை. 10.5 ஆம்பியர் ஓடினால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 27 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 17 வோல்ட்தான். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் கேபிளில் வீணாவதை யாரும் பார்ப்பதில்லை, காயில் கட்டும் கூலியில்தான் அது தெரியவருகிறது.

எனக்குக் கோபம் வந்தது, கரண்டு அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயைப் பற்றிக் கேட்டபோதுதான். "அடிக்கடி ட்ரிப் ஆவுது" என்று யாரோ அதைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறார்கள். அது ட்ரிப் ஆனது உங்கள் மோட்டாரைக் காப்பாற்றத்தான்! மோட்டாரின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் ஆம்பியருக்குத்தான் ரிலேயை வையுங்கள். ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த கம்பியை முறுக்கிப் போடாதீர்கள். 350-க்குக் கீழே வோல்டேஜ் காட்டினால் மோட்டாரைப் போடவே வேண்டாம். ஈரக்காலோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஓடும்போது மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் மீட்டர்) வைத்து, ஆம்பியரை ஸ்டார்ட்டர் கதவில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். மீட்டர் இல்லையா? சொல்லி அனுப்புங்கள், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். காசு வேண்டாம்.