பினாமிப் போரா, பதிலாள் போரா?

ஏமன் பற்றிச் செய்தி வந்தால் போதும், தொலைக்காட்சித் திரையின் அடியில் 'ஈரானின் பினாமிப் போர்' என்று எழுத்து ஓடத் தொடங்கிவிடுகிறது. விவாதத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அதைச் சொல்கிறார், நெறியாளர் அதைத் திருப்பிச் சொல்கிறார், மறுநாள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையும் அதையே தலைப்பில் வைக்கிறது. சொல் சுருக்கமாக இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கிறது, கொஞ்சம் காரமும் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தின் 'ப்ராக்ஸி வார்' என்பதற்குத் தமிழாக அது தப்பு.

மூலச் சொல்லை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தின் 'ப்ராக்ஸி'க்கு வேர் லத்தீன். 'ப்ரோ' என்றால் ஒருவர் சார்பில். 'கூரா' என்றால் கவனிப்பு. பிறர் காரியத்தை அவர் சார்பில் கவனிக்கும் அதிகாரத்துக்கு 'ப்ரொக்யூரசி' என்று பெயர். அது வாயில் தேய்ந்து ப்ராக்ஸி ஆயிற்று. கம்பெனிப் பொதுக்குழுவில் பங்குதாரருக்காக இன்னொருவர் ஓட்டுப் போடுவதும் ப்ராக்ஸி, கல்லூரியில் வராத நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொல்வதும் ப்ராக்ஸி. போரோடு அது ஒட்டிக்கொண்டது பனிப்போர்க் காலத்தில். இரண்டு அயல் வல்லரசுகள் மூன்றாவது நாட்டின் மண்ணில், அந்த நாட்டு ஆட்களையும் வளங்களையும் கொண்டு, உள்நாட்டுச் சண்டை போன்ற தோற்றத்தில் மோதிக்கொள்வது என்று அரசியல் அறிஞர் கார்ல் டாய்ச் 1964இல் வரையறுத்தார். 1978 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி, வியட்நாம்-கம்போடியா சண்டையை சோவியத்துக்கும் சீனத்துக்கும் நடக்கும் ப்ராக்ஸி போர் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அதற்குப் பிறகு பத்திரிகைகள் இந்தச் சொல்லை விடவே இல்லை.

இனி பினாமி. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'நாம்' என்றால் பெயர். உண்மை உரிமையாளரின் பெயர் இல்லாத சொத்து பினாமிச் சொத்து. தமிழில் வந்து சேர்ந்ததும் சொல் தலைகீழாகக் கவிழ்ந்தது: பெயர் இல்லாததைக் குறித்த சொல், பெயரைக் கொடுத்த ஆளையே குறிக்கத் தொடங்கிவிட்டது. 'அவர் இன்னாருடைய பினாமி' என்கிறோம். 1988இல் வந்து 2016இல் கடுமையாக்கப்பட்ட சட்டம் அந்த ஆளைப் பினாமிதாரர் என்கிறது. கார் ஓட்டுநர் பெயரில் ஐம்பது ஏக்கர் இருக்கும். அவருக்கு அந்த நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

'பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது, ஆயுதம் ஈரானுடையது, சண்டை ஏமனின் ஹூதி இயக்கத்துடையது, பொருத்தம்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் உடைகிறது.

முதலாவது, ஒளிவு. பினாமி ஏற்பாட்டின் உயிரே முதலாளி மறைந்திருப்பதில் இருக்கிறது. வெளியே தெரிந்துவிட்டால் அது பினாமி இல்லை, வழக்கு. பதிலாள் வைத்து நடக்கும் போருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எங்கள் வரவு, செலவு, ஆயுதம், ஏவுகணை எல்லாமே ஈரானிலிருந்துதான் வருகின்றன என்று லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் அப்போதைய தலைவர் நஸ்ரல்லா 2016 ஜூனில் தொலைக்காட்சி உரையிலேயே சொன்னார். இவ்வளவு பகிரங்கமான பினாமியை எந்த வருமான வரி அதிகாரி பார்த்திருப்பார்? ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளுக்கு எதிராகப் போராடிய முஜாஹிதீன்களுக்கு 1986இல் அமெரிக்காவின் ஸ்டிங்கர் ஏவுகணைகள் போய்ச் சேர்ந்தபோது கொடுத்தது யார் என்று மாஸ்கோவுக்கும் தெரியும், உலகத்துக்கும் தெரியும்.

இரண்டாவதுதான் பெரியது. பினாமிக்கு அந்தச் சொத்தில் சொந்த ஆசை கிடையாது. போரில் இறங்குகிறவனுக்கு உண்டு. ஏமனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹூதிகளின் இயக்கம் வடக்கே சாதா என்ற மாகாணத்து மலைப்பகுதியின் ஜைதி ஷியாக்களிடையே எழுந்தது. 2004 முதல் 2010 வரை அதிபர் அலி அப்துல்லா சாலிஹின் படையோடு ஆறு சுற்றுப் போர் நடத்தியது. அதன் முதல் தலைவர் ஹுசைன் அல்-ஹூதி 2004 செப்டம்பரில் சாலிஹின் படையால் கொல்லப்பட்டார். பதவி இழந்த பிறகு அதே சாலிஹ் அதே ஹூதிகளோடு கைகோத்தார். 2014 செப்டம்பரில் தலைநகர் சனா அவர்கள் வசமானதில் சாலிஹுக்கு விசுவாசமான படைப்பிரிவுகளின் பங்கு பெரியது. சனாவைப் பிடிக்க வேண்டாம் என்று ஈரான் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை என்று அமெரிக்க உளவு வட்டாரங்களை மேற்கோள் காட்டியே 2015இல் செய்தி வந்தது. 2017 டிசம்பரில் சாலிஹ் மறுபடி அணி மாறப் பார்த்தார். 4ஆம் தேதி ஹூதிகள் கையில் செத்தார். இத்தனை திருப்பத்திலும் டெஹ்ரானிலிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு நடந்தது எது? முதலாளி சொன்ன இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடுகிற ஓட்டுநரா இவர்கள்?

எதிரணியைப் பாருங்கள், இன்னும் சிக்கல். சவூதி தலைமையிலான கூட்டணி 2015 மார்ச் 26 முதல் தானே நேரில் குண்டு போட்டது. அந்தப் பக்கத்துக்கு எந்த ப்ராக்ஸியும் பொருந்தாது. அது நேரடிப் போர். கூட்டணிக்குள்ளேயே ஐக்கிய அரபு அமீரகம் தெற்கின் பிரிவினைவாத இடைக்கால மன்றத்தை வளர்த்தது. 2019 ஆகஸ்டில் அந்த மன்றத்தின் ஆட்கள் ஏடன் நகரை, சவூதி ஆதரித்த அரசிடமிருந்தே பிடித்துக்கொண்டார்கள். ஒரே கூட்டணியின் இரண்டு கூட்டாளிகளுடைய ஆட்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1962இல் தொடங்கிய வட ஏமன் உள்நாட்டுப் போரில் நிலைமை வேறு. அன்று எகிப்தின் நாசர் குடியரசுவாதிகளுக்காகத் தன் சொந்தப் படையையே, உச்சத்தில் 70,000 பேர் வரை, இறக்கினார். சவூதி பின்னால் நின்று, கவிழ்க்கப்பட்ட மன்னரான ஜைதி இமாமின் ஆட்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. அன்று ஜைதிகளை வைத்துப் போரிட்ட சவூதிதான் 2015இல் ஜைதிகள் மீது குண்டு போட்டது. இந்தக் கணக்கையெல்லாம் 'பினாமி' என்ற ஒரே முத்திரையில் அமுக்கிவிட்டால் வாசகருக்கு என்ன புரியும்? ஈரான் பொத்தானை அமுக்கினால் ஏமனில் ஏவுகணை கிளம்பும் என்றுதான் புரியும்.

ஏவி விட்டவரும் ஏவப்பட்டவரும் இடம் மாறும் கதைக்கு ஏமன் வரை போக வேண்டியதில்லை என்பது ஈழப் போரை அறிந்தவர்களுக்குத் தெரியும். 1983க்குப் பிறகு இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்த இந்தியாவின் படை 1987 அக்டோபரில் புலிகளோடு மோதியது. அந்தப் படையை வெளியேற்ற 1989இல் பிரேமதாச அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது.

மற்ற மொழிபெயர்ப்புகளும் உண்டு. 'மறைமுகப் போர்' என்பது மிகவும் அகலம். பொருளாதாரத் தடையும் மறைமுகப் போர்தான், வதந்தி பரப்புவதும் மறைமுகப் போர்தான். 'நிழல் யுத்தம்' வேறு பொருளுக்கு உரியது. ஈரானின் அணு விஞ்ஞானிகள் டெஹ்ரான் தெருவில் கொல்லப்பட்டதும், 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி நச்சுநிரல் நதன்ஸ் ஆலையின் எந்திரங்களைக் கெடுத்ததும் நிழல் யுத்தம். அங்கே மூன்றாவது ஆள் யாரும் தேவையில்லை. செய்தவன் முகம் காட்டாமல் இருந்தால் போதும். 2024 ஏப்ரலில் ஈரான் முந்நூறுக்கு மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேல் மீது நேராக ஏவியது. 2025 ஜூனில் இரு நாடுகளும் பன்னிரண்டு நாள் நேருக்கு நேர் அடித்துக்கொண்டன. அப்போதும் திரையில் 'நிழல் யுத்தம்' ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஏது நிழல்?

'கூலிப்படை' என்று எழுதுவோருக்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது. குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை சொல்லும்போது பரிமேலழகர் படையை ஆறாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. சம்பளத்துக்கு வருபவன் வேறு, நட்பால் வருபவன் வேறு, எதிரியை விட்டு வருபவன் வேறு என்று பிரித்துப் பார்த்த மொழி இது. ஏமனில் கூட்டணிக்காகச் சண்டையிட்ட சூடான் ஆட்களைக் கூலிப்படை என்றால் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். தென் ஏமன் பிரிவினைவாதிகள் அமீரகத்துக்குத் துணைப்படை. 2014இல் ஹூதிகளோடு சேர்ந்த சாலிஹின் ஆட்கள் அசல் பகைப்படை. இவ்வளவு பெயரையும் வைத்துக்கொண்டு எல்லாரையும் கூலிப்படை என்பது சோம்பேறித்தனம்.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டதால் இன்னொன்றையும் சொல்லித் தீர்க்கிறேன். அரசு சாராத ஆயுதக் குழுக்களை 'அரசு அல்லாத நடிகர்கள்' என்று மொழிபெயர்த்து வைத்த கட்டுரையை என் கண்ணால் படித்தேன். போர்க்களம் 'போர் திரையரங்கு' ஆகியிருந்தது. நடிகர்களும் திரையரங்கும் கூடிவிட்டதால் இடைவேளை எப்போது என்று தேடினேன். எந்திரத்தில் போட்டு எடுத்து, ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் அனுப்புகிறார்கள். அந்த வகையில் 'பினாமிப் போர்' போட்டவர் மேலானவர். அவர் கொஞ்சம் யோசித்தாவது இருக்கிறார்.

தனித்தமிழ் அன்பர்கள் பினாமியை வேறு காரணத்துக்காக எதிர்ப்பார்கள்: அது பாரசீகம். 'பதிலிப் போர் என்று சொல்லுங்கள், தமிழாக இருக்கும்' என்பார்கள். பதில் எங்கிருந்து வந்தது? அரபியின் 'பதல்', மாற்று என்று பொருள். ஆக இரண்டு பக்கமும் இரவல் சரக்குதான்; தூய்மையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. என் எதிர்ப்பு பொருளை வைத்து.

அரபிகள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கை. 'ஹர்ப் பில் வகாலா' என்கிறார்கள். நம் வக்கீலும் வக்காலத்தும் பிறந்த அதே வேர்! வக்காலத்துப் போர். ஈரானியர் 'ஜங்கே நியாபதி' என்கிறார்கள். அது 'நாயிப்', அதாவது பிரதிநிதி என்ற சொல்லிலிருந்து வந்தது. நாயிபின் பன்மையிலிருந்துதான் நவாப். ஆற்காட்டு நவாப் என்றால் டெல்லிப் பேரரசின் சார்பில் ஆள்பவர், பெயரிலேயே பதிலாள். அந்தப் பதவிக்கு நடந்த சண்டையோ ப்ராக்ஸி போருக்கு முழு உதாரணம். 1748 உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்தில் இருந்தன. 1749இல் ஆம்பூரில் நடந்த போரில், பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கம்பெனி நின்றது; திருச்சிராப்பள்ளியில் இருந்த மற்றொரு போட்டியாளர் முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752இல் தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்த சந்தா சாகிபின் தலை போயிற்று. வென்ற முகமது அலி நவாப் ஆனார், கடனில் மூழ்கினார். 1801இல் அவர் வாரிசுகளிடமிருந்து நாடே கம்பெனிக்குப் போயிற்று. இதில் யார் யாரைப் பயன்படுத்தியது? தொடக்கத்தில் இரு தரப்புமே மற்றதைத்தான். சந்தா சாகிபைப் பிரெஞ்சுப் பினாமி என்று யாரும் எழுதியதில்லை, எழுதவும் முடியாது.

என் தேர்வு 'பதிலாள் போர்'. பதிலி என்றாலும் குற்றமில்லை. ஆனால் புள்ளியியலில் 'பதிலி மாறி' (ப்ராக்ஸி வேரியபிள்) என்றும் கணினியில் 'பதிலி வழங்கி' (ப்ராக்ஸி சர்வர்) என்றும் அந்தச் சொல் போய்விட்டதால் உயிரில்லாத ஒன்றைச் சொல்வது போல ஒலிக்கிறது. ஆள் என்று முடிந்தால் கோபமும் கணக்கும் உள்ள ஒரு மனிதன் நிற்கிறான். 'ஆள் வைத்து அடித்தான்' என்று தெருவில் சொல்கிறோமே, அந்த ஆள். அடித்தவனுக்கும் அடிவாங்கியவனோடு பழைய பகை இருந்திருக்கலாம் என்பதை அந்தத் தொடர் மறுப்பதில்லை. 'ஏவல் போர்' என்று ஒரு யோசனையும் உண்டு. பில்லி சூனியத்தோடு போய்ச் சேர்ந்துவிடும், வேண்டாம்.

இலக்கணம் பார்ப்பவர்கள் ஒன்று கேட்பார்கள்: வாள் போர் வாட்போர் ஆவது போலப் பதிலாட்போர் என்றுதானே புணர வேண்டும்? ஆம், விதி அதுதான். நூலில் எழுதுவோர் அப்படி எழுதட்டும். செய்தித்தாளுக்கு நான் பிரித்தே பரிந்துரைக்கிறேன், தலைப்பில் ஆள் கண்ணில் பட வேண்டும். பன்மைக்குப் பதிலாட்கள். 'ஈரானின் பதிலாட்கள்' என்று எழுதும்போது யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை மட்டும் பெயர் பெயராகப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஹமாஸுக்குப் பொருந்துவதும் ஹிஸ்புல்லாவுக்குப் பொருந்துவதும் ஒன்றல்ல.