ஆற்றுணா: எல்ஃபுகளின் ரொட்டியும் ஆச்சியின் பொரிவிளங்காயும்

மூன்றாம் நாள் காலையில் வாழை இலையைப் பிரித்தால், பிஸ்கட்டின் ஓரமெல்லாம் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். சுட்ட அன்று 'டப்' என்று ஒடிந்த பண்டம், இப்போது டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி வளைகிறது. பாளையங்கோட்டையில் ஐப்பசி அடைமழை. கொடியில் போட்ட துணிகூட மூன்று நாளாகக் காயவில்லை. அக்கா மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெண்ணெய், தேன், மைதா என்று அரை நாள் அடுப்படியில் நின்றவள் அவள்.

ஆச்சி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, காஞ்ச பண்டத்தப் போயி ஈர எலையில மடிப்பாவளா?"

அக்கா மகள் செய்ய ஆசைப்பட்டது லெம்பாஸ். டோல்கீன் எழுதி 1954-ல் வெளிவரத் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், எல்ஃபுகள் என்ற கந்தர்வக் கூட்டம் வழிப்போக்கர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் மெல்லிய ரொட்டி அது. வெளியே இளம்பழுப்பு, உள்ளே பாலேட்டின் நிறம். ஒன்று தின்றால் நாள் முழுக்க நடக்கலாம். உடைக்காமல், சுற்றிய இலையோடு வைத்திருந்தால் பல நாள் கெடாது. பழந்தமிழில் இந்த மாதிரி வழிச்சாப்பாட்டுக்கு 'ஆற்றுணா' என்று ஒரு சொல்லே உண்டு. ஆறு என்றால் வழி.

கெடாமல் இருப்பதுதான் இதில் மாயம் என்பது அவள் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை எங்கள் பக்கத்து அடுப்படிகள் மந்திரம் இல்லாமலே செய்கின்றன. நாவலின் அசல் மாயம் வேறொரு வரியில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர் இருந்தால் பண்டம் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேனில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பங்கு தண்ணீர் இருக்கிறது; வருடக்கணக்கில் கெடுவதில்லை. அதைவிடக் கொஞ்சம் குறைவாக, பதினாறு பங்கு தண்ணீர் உள்ள அரிசியை மூட்டை கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதில் இல்லை சங்கதி. எவ்வளவு தண்ணீர் சும்மா கிடக்கிறது என்பதில் இருக்கிறது. தேனில் ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் சர்க்கரை கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. கிருமிக்கு அதைப் பிடுங்கிக் குடிக்கத் தெம்பில்லை. போதாக்குறைக்கு, தேனில் விழுந்த கிருமியின் உடம்பில் உள்ள தண்ணீரையும் சர்க்கரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாயில் உப்பு செய்வதும் இதே வேலைதான்.

இப்படிச் சும்மா கிடக்கும் தண்ணீரை 0 முதல் 1 வரை ஓர் அளவுகோலில் வைக்கிறார்கள். நீர்ச்செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு 1. ரொட்டிக்கு 0.95 பக்கம். தேனுக்கு 0.6 பக்கம். மொறுமொறு பிஸ்கட்டுக்கு 0.3 பக்கம். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9-க்குக் கீழே பிழைப்பில்லை. பூசணங்கள் முரட்டுப் பிள்ளைகள். பல வகைகள் 0.8 வரையும், சில 0.7-க்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும். 0.6-க்குக் கீழே கிட்டத்தட்ட எதுவும் வளராது. கிருமியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது தண்ணீரின் மொத்த அளவல்ல, இந்த எண்தான் என்று ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஸ்காட் 1953-ல் காட்டினார். லெம்பாஸ் அச்சேறியதற்கு ஒரு வருடம் முன்னால்!

அப்படியானால் 0.3-ல் இருந்த எங்கள் பிஸ்கட் ஏன் கெட்டது? திறந்து வைத்த பண்டம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமரசம் செய்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், பண்டமும் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி 0.80-ஐ நோக்கிப் போகும். பச்சை வாழை இலைக்குள் மடித்தால் அங்கே ஈரம் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. பூசணத்துக்குப் பந்தி போட்டு இலையும் விரித்துவிட்டோம்.

இலைமேல் குற்றமில்லை. கட்டுச்சோற்றுக்கு வாழை இலையை அனலில் வாட்டுகிறோம். அதன் மேல் உள்ள மெழுகு இளகிப் பரவும், இலையும் கிழியாமல் மடங்கும். சோறே ஈரமான பண்டம் என்பதால் அதற்கு அது பொருத்தம், அதுவும் ஒரு பொழுதுக்குத்தான். கார்த்திகைக்குக் கொழுக்கட்டை அவிக்கப் பச்சைப் பனையோலை எடுக்கிறோம், அன்றைக்கே தின்று தீர்க்கிறோம். கருப்பட்டியை வைத்துப் புழங்க வேண்டுமென்றால் காய்ந்த ஓலையில் முடைந்த பெட்டி. இந்த வித்தியாசம் ஆச்சிக்கு எண் தெரியாமலே தெரிந்திருக்கிறது.

இரண்டாவது தடவை ஆச்சியே இறங்கினாள். மைதா, வெண்ணெய் எல்லாம் ஒதுங்கின. பொரிவிளங்காய் உருண்டை. சில வீடுகளில் பொருள்விளங்கா உருண்டை என்பார்கள், கடிக்கத் தெரியாதவன் வைத்த பெயராக இருக்கலாம். புழுங்கலரிசி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்தாள். அரிசியில் சாதாரணமாக 12 முதல் 14 சதவீதம் தண்ணீர் இருக்கும். வாணலியில் அரிசி வெளுத்து, பொரிந்து, லேசாகச் சிவக்கும்போது அதில் பெரும்பங்கு ஆவியாகப் போய்விடுகிறது. பூச்சி முட்டை இருந்தால் அதுவும் காலி. வாசனை வருவது புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து புதிதாய்ப் பிறப்பிக்கும் பொருட்களால். கடலையைத் தோல் நீக்கி முழுசாக வைத்துக்கொண்டு, மற்றதைத் திரித்துச் சுக்கும் ஏலமும் சேர்த்தாள்.

பிறகு பாகு. உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துக் கரைத்து வடிகட்டி அடுப்பில் ஏற்றினாள். பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போகும், கொதிநிலை ஏறும். அதனால் பாகின் சூடே அதில் மிச்சமுள்ள தண்ணீரின் கணக்கு. சீனிப்பாகில் 118 டிகிரி செல்சியஸ் என்றால் 85 சதவீதத்துக்குப் பக்கம் சர்க்கரை; 150-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதான். ஆச்சியிடம் தெர்மாமீட்டர் இல்லை, ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டு விட்டாள், கரைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு, விரலுக்குள் பசையாக வழுக்கியது. மூன்றாவது சொட்டை உருட்டிக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள், 'ணங்' என்றது. "இப்பம் எறக்கு."

மாவில் பாகைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். அக்கா மகளின் உள்ளங்கை சிவந்துவிட்டது. அவசரம் ஏனென்றால், ஆறும்போது பாகு கண்ணாடியாகிறது. உவமைக்குச் சொல்லவில்லை. சர்க்கரை மூலக்கூறுகள் படிகமாக வரிசைகட்ட நேரமில்லாமல் நின்ற இடத்தில் நின்றபடி உறைந்துபோகும் நிலைக்கு அறிவியலிலும் கண்ணாடி நிலை என்றுதான் பெயர். கோவில்பட்டி கடலைமிட்டாய் மொறுமொறுப்பதும் இதனால்தான். அந்த உறைவுக்குள் எதுவும் நகர முடியாது. பாகில் மிஞ்சிய கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் காய்ந்த மாவு பங்கு போட்டுக்கொள்ளும்.

இந்தக் கண்ணாடிக்கு எதிரி மறுபடியும் ஈரக்காற்று. கொஞ்சம் தண்ணீர் ஏறினாலே இளகிப் பிசுபிசுக்கும். கருப்பட்டியின் தரமும் இங்கே முக்கியம். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும். புளித்தால் அதில் உள்ள சுக்ரோஸ் (கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான்) குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டு சிறு சர்க்கரைகளாகப் பிளந்துபோகும். இவை காற்றின் ஈரத்தை ஆவலாக இழுக்கும் ஜாதி. அப்படிப்பட்ட கருப்பட்டி மழைக்காலத்தில் கசிந்து ஓலைப்பெட்டியையே நனைத்துவிடும்.

'உடைக்காமல் வை' என்று எல்ஃபுகள் சொன்னதும் இப்போது விளங்குகிறது. ஓர் உருண்டையை மூன்று வெட்டில் எட்டுத் துண்டாக்கினால், காற்றுபடும் பரப்பு சரியாக இரண்டரை மடங்கு. ஈரம் ஏறும் வாசலும் அந்த அளவுக்கு அகலம். உருண்டை என்ற வடிவமே ஒரு பாதுகாப்பு. ஒரே எடைக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உள்ளது அதுதான். மெல்லிய ரொட்டியாகத் தட்டிய எல்ஃபுகள் இந்த ஒரு விஷயத்தில் ஆச்சியிடம் தோற்றுவிட்டார்கள்.

உருண்டைகள் நன்றாக ஆறிய பிறகே காய்ந்த ஓலையில் பொதிந்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினோம். சூட்டோடு மூடியிருந்தால் மூடியின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டியிருக்கும். வெறும் ஓலை போதாதா என்றால், சித்திரை வெயிலில் போதும். ஐப்பசியில் ஓலை காற்றைத் தடுக்காது.

இனி அந்த வரி: ஒன்று தின்றால் ஒரு நாள் நடக்கலாம். மூட்டை சுமந்து மலையேறும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,500 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மாவும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். உணவில் அதற்கு மேல் தருவது எதுவுமில்லை. பொரிவிளங்காய் ஒன்று 40 கிராம், 160 கலோரி. ஒரு நாளைக்கு 22 வேண்டும். மாவே இல்லாமல் சுத்த நெய்யாகக் குடித்தாலும் 390 கிராம். ஐம்பது கிராம் ரொட்டிக்குள் என்ன தலைகீழாக நின்றாலும் 450 கலோரிக்கு மேல் அடைக்க முடியாது. வேதியியல் விடாது. டோல்கீனின் மந்திரம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. அக்கா மகள் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "இருபத்திரெண்டா சித்தி? பல்லு இருக்குமா?" என்றாள்.

மார்கழிக் கடைசியில் தூக்கைத் திறந்தோம். பூசணம் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. அம்மிக்குழவியால் ஒன்றை உடைத்து வாயில் போட்டோம். சுக்கும் கருப்பட்டியும் போட்ட அன்றுபோலவே இருந்தன. நிலக்கடலை மட்டும் லேசாகச் சிக்கு வாடை அடித்தது. கிருமி இல்லாவிட்டாலும் ஆக்சிஜன் இருக்கிறதே. கடலையில் உள்ள எண்ணெயை அது மெல்ல அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீரைக் கட்டிப்போட்டால் இது நிற்காது.

"கடலைக்குப் பதிலா எள்ளு போட்டுருக்கணும்ட்டி" என்றாள் ஆச்சி. எள்ளில் சீசமால் போன்ற பொருட்கள் ஆக்சிஜனைத் தாங்களே எதிர்கொண்டு எண்ணெயைக் காப்பவை. தை மாதம் புது எள் வந்ததும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.