விந்தணுவுக்கு உருவம் கொடுக்கும் புரதங்கள்

விந்தணு வாலோடு பிறப்பதில்லை. விரைக்குள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு முடிந்ததும் கிடைப்பது ஓர் உருண்டைச் செல், அவ்வளவுதான். அதன்பிறகு அது பிரிவதில்லை. உருமாற மட்டுமே செய்கிறது. தலை நீண்டு, வால் வளர்ந்து, மிச்சமிருக்கும் சைட்டோபிளாசம் கழிந்து, நாம் படங்களில் பார்க்கும் வடிவத்துக்கு வர மனிதரில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். இந்த வேலையின் பெரும்பங்கைச் செய்பவை செல்லின் சட்டகப் புரதங்கள். டியூபுலின் சேர்ந்து நுண்குழல்களாகிறது, ஆக்டின் சேர்ந்து மெல்லிய இழைகளாகிறது.

தலையைப் பார்ப்போம். உட்கருவின் முன்பாதியில், முட்டையின் உறையைத் துளைக்க உதவும் நொதிகள் நிறைந்த அக்ரோசோம் தொப்பிபோல் படிகிறது. தொப்பியின் விளிம்புக்குக் கீழே ஒரு வளையம் உருவாகி, அதிலிருந்து நூற்றுக்கணக்கான நுண்குழல்கள் வால் பக்கமாகப் பாவாடைபோல் இறங்குகின்றன. இதற்கு மான்செட் என்று பெயர். வளையம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியபடியே பின்னோக்கி நகர, உட்கருவும் அந்த இடுக்கத்துக்கேற்ப ஒடுங்கி நீள்கிறது. அதே நேரத்தில் உள்ளே டிஎன்ஏ சுற்றியிருந்த ஹிஸ்டோன் புரதங்கள் விலகி, புரோட்டமீன் என்னும் வேறு புரதங்கள் வந்து டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டுகின்றன. இதே நுண்குழல்களின் மேல் மோட்டார் புரதங்கள் ஏறி, வால் கட்டத் தேவையான பொருட்களையும் சுமந்து போகின்றன.

வேலை முடிந்ததும் மான்செட் முழுவதுமாகக் கலைந்துவிடுகிறது. முதிர்ந்த விந்தணுவில் அதன் தடயமே இருக்காது. எனக்கு இதில் பெரிய வியப்பு, கட்டுவதைவிட இந்தக் கலைப்புதான். நுண்குழல்களை வெட்டும் ‘கேட்டனின்’ என்னும் புரதத்தின் ஒரு பகுதி பழுதான எலிகளில், மான்செட் உரிய நேரத்தில் கலைவதில்லை. தலை அளவுக்கு மீறி நீண்டு உருக்குலைகிறது. ஹூக்1 புரதம் பழுதானால் மான்செட் இடம் மாறி அமைகிறது, தலையும் கோணலாகிறது.

ஆக்டினின் பங்கு பக்கத்துச் செல்லில் அதிகம். வளரும் விந்தணுவைப் போஷிக்கும் செர்டோலி செல், தன் ஆக்டின் கட்டுகளால் அதன் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. நாள் வந்ததும் அந்தப் பிடி அவிழ்கிறது, விந்தணு தான் வளர்ந்த விரைக்குழாயின் நடுவெளிக்குள் விடுபடுகிறது. கழிந்த சைட்டோபிளாசத்தையும் செர்டோலி செல்லே விழுங்கிவிடுகிறது.

அப்புறம் வால். வாலின் நடுவே 2 நுண்குழல்களும், அவற்றைச் சுற்றி 9 இரட்டைக் குழல்களும் உண்டு. பக்கத்துக் குழல்களை டைனீன் என்னும் மோட்டார் புரதங்கள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சறுக்கச் செய்கின்றன. அந்தச் சறுக்கல்தான் வாலை வளைக்கிறது. டிஎன்ஏஎச்1 என்னும் டைனீன் மரபணு பழுதான ஆண்களுக்கு விந்தணு வால் குட்டையாகவோ, சுருண்டோ, இல்லாமலோ இருக்கும். இது ஒரு புரதத்தின் பிழை. ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவர்களின் விந்தணு நீந்திப் போய் முட்டையைச் சேர முடியாது. ஆனால் அதை ஊசியால் நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு.