ஆண்களின் மார்பக வீக்கம்: எப்போது தொடங்கியது என்பதே முதல் கேள்வி

‘கைனகோமாஸ்டியா’ எனப்படும் மார்பக வீக்கத்துக்காக என்னிடம் வரும் ஆண்களில் பலர், காரணத்தைக் கேட்பதற்கு முன்பே அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, வீக்கம் எப்போது தொடங்கியது என்பதைத்தான். சிகிச்சையின் போக்கைப் பெரும்பாலும் அந்த விடைதான் முடிவு செய்கிறது.

ஆண்களின் உடலிலும் மார்பகச் சுரப்பித் திசு சிறிதளவு உண்டு. அதை வளரத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், அடக்கி வைப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். பதின்பருவத்தில் இவ்விரண்டின் விகிதம் தற்காலிகமாகப் பிறழ்வதால் ஏராளமான சிறுவர்களுக்கு மார்பு வீங்குகிறது. பெரும்பாலும் 6 மாதங்கள் முதல் 2 ஆண்டுகளுக்குள் அது தானாகவே வடிந்துவிடும். ஆகவே 14 வயதுப் பையனுக்கு அவசரப்பட்டு அறுவை சிகிச்சை செய்யத் தேவையில்லை. ஆனால் அவன் படும் வேதனை உண்மையானது. விளையாட்டு வகுப்பைத் தவிர்ப்பதும், வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் அணிவதும், சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில்களுக்கு வர மறுப்பதும் பிடிவாதத்தால் அல்ல என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும்; வீட்டில் ஒருவரும் அவனைக் கேலி செய்யக் கூடாது.

மல்லாந்து படுத்த நிலையில், இரு விரல்களால் மார்பின் பக்கங்களிலிருந்து காம்பை நோக்கி அழுத்திப் பார்த்தால், சுரப்பி வளர்ந்திருந்தால் காம்புக்கு அடியில் ரப்பர் போன்ற வட்டமான திசு தட்டுப்படும். அவ்வாறு எதுவும் தட்டுப்படாவிட்டால் அது பெரும்பாலும் வெறும் கொழுப்பே. எடையைக் குறைத்தால் குறையும். சுரப்பித் திசுவோ எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது.

நடுவயதில் புதிதாகத் தோன்றும் வீக்கத்துக்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். வயிற்றில் நீர் கோர்ப்பதற்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், புரோஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டிரைடு, மனநலச் சிகிச்சையில் பயன்படும் ரிஸ்பெரிடோன் ஆகிய மருந்துகளும், உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஸ்டீராய்டு ஊசிகளும் இதை உண்டாக்கலாம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். பல வேளைகளில் மாற்று மருந்து உண்டு. கல்லீரல், சிறுநீரக, தைராய்டு நோய்களையும் பார்க்க வேண்டும். விரைகளைப் பரிசோதிக்கக் கூச்சப்பட்டு மறுப்பவர்களிடம் நான் வற்புறுத்தியே சொல்வது இது: கைக்குத் தட்டுப்படாத சிறு விரைக்கட்டிகூட மார்பக வீக்கத்தின் வழியாக முதலில் வெளிப்படக்கூடும்.

வலியோடு வளரத் தொடங்கிய முதல் சில மாதங்களில், சிலருக்குத் தமாக்சிஃபென் மாத்திரை பலன் தரும். ஓராண்டு கடந்த பின் திசு நார்த்தன்மை அடைந்துவிடுவதால் மருந்துக்கு அது இணங்குவது அரிது. அப்போதுதான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சிறு கீறலிட்டுச் சுரப்பித் திசுவை அகற்றி, சுற்றியுள்ள கொழுப்பை லைப்போசக்‌ஷன் முறையில் உறிஞ்சி எடுக்கிறோம். பின்னர் சில வாரங்களுக்கு அழுத்த உடை அணிய வேண்டும். இரத்தக்கட்டு, நீர்த்தேக்கம், காம்பில் உணர்ச்சிக் குறைவு, மார்பு சமமின்றி அமைதல் ஆகியவை நேரலாம் என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்பகப் புற்றுநோய்களில் ஆண்களுக்கு வருபவை 1 சதவீதத்துக்கும் குறைவே. எனினும் ஒரு பக்கம் மட்டும், காம்பின் மையத்திலிருந்து விலகிக் கெட்டியான கட்டி இருந்தாலோ, காம்பு உள்ளிழுக்கப்பட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தட்டுப்பட்டாலோ, அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.