தேய்ந்த செசி நம்பர் இரும்புக்குள் எங்கே இருக்கிறது?

பருத்தித்துறைப் பக்கம் முற்றத்தில் வருடக்கணக்காக நின்ற ஒரு ஹொண்டா சீடி 200 மோட்டார் சைக்கிளை ஒருவர் வாங்கித் தன் பெயருக்கு மாற்றப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி நம்பர், அதாவது வண்டிச் சட்டத்தில் குத்திய அடையாள எண், வண்டியிலும் இருக்க வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துக் குழாயில் பார்த்தால் கறளும் பழைய பெயின்டும்தான். பட்டறைத் தம்பி உடனே கிரைண்டரைத் தூக்குவார்: "ஒருக்காத் தேய்ச்சு விட்டாத் தெரியும் அண்ணை." காரியம் கெடுவது அங்கேதான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து நைலோன் பிரஷால் துடைத்து, டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே பாதி நம்பர்கள் வாசிக்க வந்துவிடும்.

வராதவற்றுக்கு உலோகவியல் இருக்கிறது. இரும்பு நுண்ணிய படிகங்களால் ஆனது. நம்பர் அச்சை அடித்து இறக்கும்போது பள்ளத்துக்கு அடியிலுள்ள படிகங்களும் நசிந்து இறுகிப்போகின்றன. இந்த நசிவு, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைத் தாண்டியும் கீழே இறங்கும். ஆகவே மேற்பரப்பை மட்டமாக அராவினாலும் எண்ணின் வடிவம் உள்ளே கிடக்கிறது.

அதை வெளியே கொண்டுவர, ஆய்வுகூடத்தில் அந்த இடத்தைக் கண்ணாடிபோல் மினுக்கி, செப்புக் குளோரைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்கள். நசிந்த படிகங்களில் சக்தி தேங்கியிருப்பதால் சுற்றியுள்ள இரும்பைவிட அவற்றை அமிலம் வேகமாக அரிக்கும். மெல்ல ஒரு வளைவு எழும். 3-ஆ 8-ஆ என்று யோசிப்பதற்குள் மறைந்தும் போகலாம். அதனால் துடைக்கத் துடைக்கப் படமெடுப்பார்கள்.

அமிலத்துக்கு முன்பு காந்த முறையைப் பார்ப்பது நல்லது, அது உலோகத்தைத் தின்னாது. அந்த இடத்தைக் காந்தமாக்கி, எண்ணெயில் கலந்த இரும்புத்தூளை விட்டால், நசிவால் காந்தப்புலம் குழம்பும் கோடுகளில் தூள் ஒதுங்கும். அலுமினிய எஞ்சின் உறைக்கு இது சரிவராது.

இரண்டையும் தோற்கடிப்பது வெல்டிங். அந்தச் சூட்டில் படிகங்கள் புதிதாக உருவாகி, நசிவே அழிந்துவிடும். ஆழமான கறளும் அப்படித்தான்: கடற்காற்றின் உப்பு, நம்பர் ஒளிந்திருக்கும் அதே படையை அரித்துத் தின்கிறது.

அப்புறம், சிலர் தாங்களே புது நம்பர் குத்திக்கொள்கிறார்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். பழைய நசிவின் மேல் புது நசிவு விழுவதால், அமிலத் துடைப்பில் இரண்டு நம்பருமே தெரிய வரலாம்.