உளியை எடுக்கும் முன்: கிற்றாரில் தந்தி வளைக்கும் கருவி பூட்ட நினைப்பவர்களுக்கு

மீண்டும் அதே நிலையில் ஒரு கிற்றார் என் மேசைக்கு வந்திருக்கிறது. உடலின் நடுவே உளியால் குடைந்த குழியும், குழியின் ஓரத்தில் மரத்தைப் பிளந்துகொண்டு முன்னோக்கிச் சாய்ந்துவிட்ட இரண்டு தாங்கு திருகாணிகளும், அவற்றின்மேல் இணையத்தில் வாங்கிப் பூட்டிய ஒரு மலிவான பிரிட்ஜும் (உடலில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பாகம்) அதில் இருக்கின்றன. குடைந்து கொடுத்தவர் மல்லாவிப் பக்கத்தில் மரவேலை செய்யும் ஒருவராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கதவுக்குப் பூட்டுப் போடத் துளையிடுவதுபோல இதையும் செய்யலாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருப்பார்கள். கிளிநொச்சியில் இசைக்கருவிகளைத் திருத்தும் எனக்கு, கோவில் திருவிழாக்களும் தேவாலயத் திருநாள்களும் நெருங்கும் ஒவ்வொரு முறையும் இத்தகைய வேலை வந்து சேர்கிறது. இதனால் எனக்கு வருமானம் உண்டு. ஆயினும் இப்படி வரும் வருமானத்தை நான் விரும்பவில்லை.

எதற்காக இதைப் பூட்டினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கமகத்துக்காக என்றே பதில் வருகிறது. பாடகர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்வதைக் கிற்றாரிலும் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிரிட்ஜோடு சேர்ந்த ட்ரெமலோக் கோல் என்ற கைப்பிடி வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றுவதற்கே இதை எழுதுகிறேன். ட்ரெமலோக் கோல் ஒரு தந்தியை வளைப்பதில்லை. அது பிரிட்ஜ் முழுவதையும் அசைக்கிறது. அதனால் ஆறு தந்திகளும் ஒன்றாகத் தளர்கின்றன அல்லது ஒன்றாக இறுகுகின்றன. அவையும் ஒரே அளவில் மாறுவதில்லை. தந்தியின் தடிப்பையும் இழுவிசையையும் பொறுத்து ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு இறங்குவதால், சுருதிக்கூட்டு (கோர்ட்) ஒன்றை வாசித்தபடி கோலை ஆழமாக அழுத்தினால் அந்தக் கூட்டே குலைந்துவிடும். முழு ஒலியையும் அலையவைக்கவோ சட்டென்று கீழே வீழ்த்தவோ விரும்புபவருக்கு அது மிகச் சிறந்த கருவி. மற்றத் தந்திகள் அசையாமல் நிற்க, ஒரு தந்தி மட்டும் ஏறி இறங்க வேண்டும் என்று விரும்புபவருக்கு அது தவறான கருவி. இதில் ஒரு முரணும் இருக்கிறது. ஸ்பிரிங்குகளில் மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிற்றாரில் விரலால் ஒரு தந்தியை வளைக்கும்போது, அந்த மேலதிக இழுப்புக்குப் பிரிட்ஜ் சற்று முன்னே சரிந்து கொடுக்கும். மற்ற ஐந்து தந்திகளின் சுருதியும் இறங்கும். வளைக்கும் தந்தியையும் கூடுதலாக வளைக்க வேண்டியிருக்கும். ஆகவே கமகத்துக்கென்று மிதக்கும் பிரிட்ஜைப் பூட்டியவர், தம் விரலால் ஏற்கெனவே எளிதாகச் செய்துகொண்டிருந்ததையும் கடினமாக்கிக்கொள்கிறார்.

ஒரு தந்தியை மட்டும் இழுப்பதற்கென்றே வேறு கருவி உண்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜீன் பார்சன்ஸும் கிளாரன்ஸ் வைட்டும் உருவாக்கியது அது; இன்று பி-பெண்டர் என்று பொதுவாக அழைக்கப்படுகிறது. கிற்றாரின் கழுத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால் தோள்பட்டி ஒரு நெம்புகோலை இழுக்கும். இரண்டாம் தந்தியின் சுருதி மட்டும் இரண்டு பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அளவு ஏறி, கையைத் தளர்த்தியதும் பழைய இடத்துக்குத் திரும்பும். நம் மெலடி வாசிப்புக்கு இது மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அந்த மூல வடிவத்தைப் பொருத்துவதற்கு உடலின் பின்புறத்தைப் பெரிதாகக் குடைய வேண்டும்; அனுபவமில்லாத கை அதைத் தொடவே கூடாது. மரத்தைக் குடையாமல், தோள்பட்டி மாட்டும் பின்முனையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் சாய்த்துத் தள்ளும் நெம்புகோலால் இயங்கும் ஹிப்ஷொட் போன்ற வகைகளும், பிரிட்ஜின் அருகே உள்ளங்கையால் அழுத்தும் நெம்புகோல்களும் இருக்கின்றன. தோள்பட்டியாலும் இடுப்பாலும் இயங்குபவை நின்று வாசிப்பவருக்கானவை. பாடகர் குழுவில் அமர்ந்தே வாசிப்பவர் உள்ளங்கை வகையைத்தான் பார்க்க வேண்டும். எதை எடுத்தாலும் அசையாத பிரிட்ஜ் உள்ள கிற்றாரிலேயே பூட்டுங்கள். மிதக்கும் பிரிட்ஜாக இருந்தால் முதலில் மரத்துண்டு ஒன்றை இறுக்கி வைத்து அதன் அசைவை நிறுத்திவிடுங்கள்.

இல்லை, முழு ஒலியையும் ஆட்டுவதே வேண்டும் என்பவர்கள் தங்கள் கிற்றாரின் மரத்தைப் பாருங்கள். 10 முதல் 46 வரையான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்லும் தடிப்பு) சாதாரணத் தந்தித் தொகுதி ஒன்று சுருதியில் நிற்கும்போது பிரிட்ஜை ஏறத்தாழ 45 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. புளோயிட் ரோஸ் என்ற மிதக்கும் பிரிட்ஜ் வகையில் அந்த விசை முழுவதையும் இரண்டு திருகாணிகளும் அவற்றைப் பிடித்திருக்கும் மரமும் தாங்குகின்றன. பிளைவூட் உடலில் அவை நிலைக்காது. உள்ளே வெற்றிடமுள்ள கிற்றாரில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது. பலரும் அறிந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிற்றாரின் உடல் சுமார் 45 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. தொடக்க நிலைக் கிற்றார்கள் பலவற்றின் உடல் அதைவிட மெல்லியது. அத்தகைய உடலில், அடியில் முழு அளவு உலோகக் கட்டை உள்ள பிரிட்ஜைப் பூட்டினால் அது பின்புறம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையிலுள்ள அகலமும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல: பழைய அளவு சுமார் 56 மில்லிமீற்றர், புதியது 52.5. உடலின் தடிப்பு, தந்திகளின் அகலம் ஆகிய இந்த இரண்டு அளவுகளையும் எடுக்காமல் எவரும் பணம் அனுப்ப வேண்டாம். மலிவான போலிகளில் திருகாணியின்மேல் ஆடும், பிரிட்ஜின் கத்திமுனை போன்ற விளிம்பு மென்மையான கலப்புலோகத்தில் செய்யப்பட்டிருக்கும். விரைவில் தேய்ந்துவிடும், அதன்பின் பிரிட்ஜ் ஒருபோதும் சரியான இடத்துக்குத் திரும்பாது. மெல்லிய அலைவு மட்டும் போதும் என்றால், உடலின் மேற்பரப்பிலேயே பூட்டக்கூடிய பிக்ஸ்பி வகை இருக்கிறது. அதிலும் மாதிரிகள் பல. தட்டையான உடலுக்கு உரியது வளைந்த மேற்பரப்புக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் கோபமின்றிக் கேளுங்கள். கோலை அசைத்ததும் சுருதி போகிறது என்று கொண்டுவரப்படும் கிற்றார்களில் பலவற்றுக்குப் புதிய பிரிட்ஜ் தேவையே இல்லை. தலைப்பக்கத்து நட்டின் (கழுத்தின் முடிவில் தந்திகள் கடந்துசெல்லும் பள்ளமிட்ட சிறு துண்டு) பள்ளங்களில் தந்தி சிக்கிக்கொண்டு திரும்பாமல் நிற்கிறது. பள்ளத்தை அளவாக அராவி, பென்சில் கரியைத் தடவினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களிலும், வாடையும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களிலும் கழுத்து மரம் சற்று வளைந்து கொடுக்கும். மிதக்கும் பிரிட்ஜ் அந்தச் சிறு மாற்றத்துக்குக்கூடச் சமநிலை இழக்கும். கச்சேரியின் நடுவே ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். மாற்றுக் கிற்றார் இல்லாத குழுவுக்கு அத்தோடு அன்றைய வாசிப்பு முடிந்தது. ஆகவே முதலில் 9இல் தொடங்கும் மெல்லிய தந்தித் தொகுதி ஒன்றைப் போட்டு, நட்டைச் சரிசெய்து, சில மாதங்கள் விரலாலேயே வளைத்துப் பாருங்கள், தம்பிமாரே. அதன் பிறகும் கருவி வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

ஏற்கெனவே குடைந்துவிட்டவர்கள் தந்திகளை உடனே தளர்த்துங்கள். பிளவுக்குள் சுப்பர் குளூவையோ, வாகனங்களுக்குப் பூசும் புட்டியையோ நிரப்ப வேண்டாம். இழுவிசையில் புட்டி நொறுங்கும், பசை ஊறிய மரத்தில் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. கழற்றிய பழைய பிரிட்ஜையும் ஸ்பிரிங்குகளையும் எறிந்துவிடாமல் கூடவே கொண்டுவாருங்கள். குழியைச் சதுரமாக்கி, வைரமான மரத்துண்டை ஒட்டி, புதிதாகத் துளையிட்டுப் பழைய பிரிட்ஜையே மீண்டும் பூட்டுவது பெரும்பாலும் இயலும்; பசை முற்றாகக் காயும்வரை திருவிழாவுக்கு வேறொரு கிற்றாரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.